ஒரு கால் மட்டும் வீங்கினால்...

மிளகு பறிக்கும் பருவத்தில் கொல்லிமலைக்குப் போயிருக்கிறீர்களா? நெட்டையாக வளர்ந்த சில்வர் ஓக் மரங்களைச் சுற்றி மிளகுக் கொடி ஏறியிருக்கும். மரத்தில் ஏணியைச் சாத்தி, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு, உயரத்தில் நின்றபடி சரம் சரமாகப் பறித்துப் போடுவார்கள். பழகிய கைகளுக்கு அது எளிய வேலைதான். ஆனாலும் ஏணி சறுக்கினால் விழுவது கல்லும் கரடுமான சரிவில்.

அப்படி விழுந்த ஒருவரின் வீட்டை எண்ணிப் பாருங்கள். இது நடந்த கதையன்று. ஆனால் எந்த ஊரிலும் எந்த வீட்டிலும் நடக்கக் கூடியது. நீங்கள் அந்த வீட்டுப் பிள்ளை, ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறீர்கள். விழுந்தவர் உங்கள் சித்தப்பா. அவருக்கு வலத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. மலையிறக்கிக் கொண்டுபோய், அறுவை செய்து, தகடு வைத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பெரும்பாலும் கட்டிலிலேயே படுத்திருக்கிறார். பன்னிரண்டாம் நாள் காலையில் உங்களைக் கூப்பிட்டுச் சொல்கிறார்: "கண்ணு, இந்தக் காலு என்னமோ கனமா இருக்குது. கெண்டைச் சதை இறுக்கிப் பிடிச்ச மாதிரி வலிக்குது."

அவர் காட்டுவது முறிந்த வலக்காலை அன்று. ஒன்றும் ஆகாத இடக்காலை!

ஆயா உடனே முடிவு சொல்லிவிடுகிறார்: "அசையாமப் படுத்துக் கெடந்தா அப்படித்தான் பிடிச்சுக்கும். எண்ணெயச் சுட வெச்சு நல்லா உருவி விட்டாச் சரியாப் போயிரும்." அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறுகிறது.

அந்த எண்ணெய் சூடாவதற்குள் உங்களுக்கு ஒரு செய்தி தெரிந்திருக்க வேண்டும். காலின் உட்புறச் சிரையில் இரத்தம் உறைந்துவிடும் நோயைப் பற்றிய செய்தி அது. மருத்துவர்கள் இதை ஆழ்சிரை இரத்த உறைவு என்பார்கள். பேச்சு வழக்கில் 'டி.வி.டி.' என்று சுருக்கிச் சொல்வார்கள். சிகிச்சை செய்யக்கூடிய நோய்தான். ஆனால் அடையாளம் தெரியாமல் நாள் கடத்தினால் உயிரைக் குடித்துவிடும்.

ஏற்றத்தில் ஏறும் இரத்தம்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சுமையேற்றிய லாரி இப்படிப்பட்ட ஏற்றத்தில் நின்றுவிட்டால் கிளீனர் என்ன செய்கிறார்? குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்கு ஒரு கட்டையையோ கல்லையோ அண்டை கொடுக்கிறார். அதன்பின் வண்டி முன்னே போகலாம், பின்னே உருளாது.

உங்கள் காலிலும் ஒவ்வொரு நொடியும் இதே வேலை நடக்கிறது. இதயம் இரத்தத்தைத் தமனிகளின் வழியே வேகமாகத் தள்ளுகிறது. பாதம்வரை வந்த இரத்தம், மயிரிழையினும் நுண்ணிய குழாய்களில் புகுந்து ஆக்சிஜனையும் உணவையும் கொடுத்துவிட்டு, சிரைகளின் வழியே திரும்ப வேண்டும். ஆனால் நுண்குழாய்களைத் தாண்டி வருவதற்குள் இதயம் கொடுத்த விசை பெரும்பாலும் தீர்ந்துபோகிறது. பாதத்திலிருந்து நெஞ்சுவரை ஒரு மீட்டருக்கு மேல் ஏற்றம். மேலே தூக்குவது யார்?

தூக்குவது உங்கள் கெண்டைக்கால் தசைதான். காலின் பெரிய சிரைகள் தசைகளுக்கு நடுவே ஆழமாகச் செல்கின்றன. நடக்கும்போது தசை சுருங்கிச் சிரையைப் பிழிகிறது. இரத்தம் மேலே பீய்ச்சப்படுகிறது. தசை தளரும்போது அது கீழே இறங்கிவிடாமல், சிரையின் உள்ளே உள்ள வால்வுகள் மூடிக்கொள்கின்றன. கிளீனர் வைக்கும் கட்டைக்கு ஒப்பானவை இவை. அசையாமல் நிற்கும் ஒருவரின் கணுக்காலில் சிரையின் அழுத்தம் ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் பாதரசம் இருக்கும். அவர் நடக்கத் தொடங்கினால், சில அடிகளிலேயே அது 30-க்கும் கீழே இறங்கிவிடும். கெண்டைக்காலை இரண்டாம் இதயம் என்று சிலர் சொல்வது வெறும் அலங்காரப் பேச்சு அன்று.

வால்வுகள் இருப்பதை நீங்களே பார்க்கலாம். கையைச் சிறிது நேரம் தொங்கவிட்டு, முன்கையில் புடைத்து எழும் சிரைகளில் கிளையில்லாத ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். மணிக்கட்டுப் பக்கமாக ஒரு விரலால் அதை அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கைப் பக்கமாக இரத்தத்தை மெல்ல வழித்துத் தள்ளுங்கள். தள்ளிய விரலை எடுத்தபின்னும் சிரையின் ஒரு பகுதி வெறுமையாகவே தட்டையாகக் கிடக்கும். மேலிருந்து இரத்தம் இறங்காது. கீழ் விரலை எடுத்தவுடன் 'குபுக்'கென்று நிறையும். இத்தாலியில் பதுவா நகரத்தில் பப்ரிசியஸ் என்ற பேராசிரியர் சிரை வால்வுகளைப் பற்றி 1603-இல் நூல் வெளியிட்டார். அவரிடம் படித்த இங்கிலாந்து மாணவரான வில்லியம் ஹார்வி, இரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்று 1628-இல் உலகுக்கு மெய்ப்பித்தபோது காட்டிய சோதனைகளுள் இதுவும் ஒன்று. கருவி எதுவும் வேண்டாம். இரண்டு விரல்கள் போதும்.

சரி, இப்போது சித்தப்பாவைப் பாருங்கள். சரிவிலும் மேட்டிலும் நாள் முழுவதும் நடந்த மனிதர். அவருடைய கெண்டைக்கால் பம்பு நம்மில் பலருடையதைவிட வலுவாக வேலை செய்திருக்கும். ஆனால் கட்டிலில் கிடக்கும் காலுக்குப் பழைய நடை கணக்கில் சேராது. பம்பு நின்றுவிட்டது, ஆழ்சிரைகளில் இரத்தம் தேங்கி மெல்ல ஊர்கிறது. வலக்கால் மட்டுமா படுத்திருக்கிறது? இடக்காலும்தானே?

உறைய வேண்டிய இடமும் உறையக் கூடாத இடமும்

இரத்தம் உறைவது பொதுவாக நன்மைக்கே. அரிவாள் பட்ட விரலில் சில நிமிடங்களில் இரத்தம் நிற்கிறதே, எப்படி? காயம் பட்ட இடத்தில் இரத்தத் தட்டுகள் என்னும் மிகச் சிறிய துணுக்குகள் ஒட்டிக்கொள்கின்றன. இரத்தத்தில் கரைந்திருக்கும் பைப்ரினோஜன் என்ற புரதம் பைப்ரின் என்ற நூலிழைகளாக மாறி, வலைபோல் பின்னி, சிவப்பணுக்களைச் சிக்கவைத்து அடைப்பாகிறது. இந்த ஏற்பாடு குலைந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கண்ணாடி விரியன் கடியே சான்று. அதன் நஞ்சு உறையும் பொருள்களையெல்லாம் செலவழித்துத் தீர்த்துவிடுகிறது. அதனால்தான் பாம்புக் கடியோடு வருபவரின் இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசையாமல் வைத்து, உறைந்ததா என்று மருத்துவர் பார்க்கிறார்.

ஆனால் காயமே இல்லாத சிரைக்குள் இரத்தம் உறைவானேன்? ஜெர்மனியைச் சேர்ந்த ருடால்ப் விர்சோ என்ற மருத்துவர் 1856-இல் வெளியிட்ட ஆராய்ச்சிகளின் அடிப்படையில் மூன்று காரணங்களைச் சொல்வார்கள். இரத்த ஓட்டம் மந்தமாவது ஒன்று. இரத்தக் குழாயின் உட்சுவர் பழுதாவது இரண்டு. இரத்தமே எளிதில் உறையும் தன்மை பெறுவது மூன்று. சித்தப்பாவுக்கு இவற்றில் எத்தனை பொருந்துகின்றன? படுக்கையில் ஓட்டம் மந்தம். முறிவும் அறுவையும் ஏற்பட்ட உடம்பு, 'இரத்தத்தை வீணாக்காதே' என்று உறையும் பொருள்களைக் கூட்டிக்கொள்கிறது. அந்த மாற்றம் வலக்காலோடு நிற்பதில்லை, உடல் முழுவதும் ஓடும் இரத்தத்தில் ஏற்படுகிறது. ஆகவே அடிபடாத காலிலும் உறைவு வரலாம். மேலும் இடுப்பெலும்புக் கூட்டுக்குள் இடக்காலின் பெருஞ்சிரையின் மேலே ஒரு தமனி குறுக்கே ஏறிச் செல்கிறது. அந்த அழுத்தத்தாலேயே வலக்காலைவிட இடக்காலில் இந்நோய் சற்று மிகுதி. உடற்கூற்றின் சிறிய விந்தை இது.

அசையாமையின் கேட்டை உலகுக்கு உணர்த்தியவற்றுள் ஒன்று இரண்டாம் உலகப் போர். 1940-இல் இலண்டன் நகரத்தின்மேல் இரவுதோறும் குண்டுகள் விழுந்தன. மக்கள் பாதுகாப்புக் குகைகளில் ஒடுங்கி, துணி நாற்காலிகளில் உட்கார்ந்தபடியே இரவைக் கழித்தார்கள். நாற்காலியின் முன்விளிம்புக் கட்டை தொடையின் பின்புறத்தை அழுத்திக்கொண்டிருந்தது. குண்டுக்குத் தப்பிய சிலர், காலையில் எழுந்து நடந்தபோது திடீரென விழுந்து மாண்டார்கள். பிணப் பரிசோதனை மருத்துவரான கீத் சிம்சன், இத்தகைய சாவுகள் அதற்கு முந்திய ஆண்டின் அதே மாதங்களைக் காட்டிலும் ஆறு மடங்கு ஆகிவிட்டதைக் கண்டு அவ்வாண்டே எழுதினார். காலில் உறைந்த இரத்தம் நுரையீரலுக்குச் சென்று அடைத்திருந்தது. பிறகு குகைகளில் கால் நீட்டிப் படுக்க அடுக்குக் கட்டில்கள் போடப்பட்டன.

அப்படியானால் சென்னையிலிருந்து பேருந்தில் வந்தாலே ஆபத்தா என்று கேட்பீர்கள். அஞ்ச வேண்டாம். நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் இந்நோயின் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-இல் கூறியது. ஆனால் விமானத்தில் அவ்வாறு செல்லும் நல்ல உடல்நலம் உடையவர்களில்கூட 6,000 பேருக்கு ஒருவர் என்ற அளவே அது. மலை உயரமும் நமக்குப் பொருட்டன்று. சியாச்சின் போன்ற கடும் உயரங்களில் பணிபுரியும் நம் படைவீரர்களுக்கு இரத்த உறைவு கூடுதலாக வருவதை இராணுவ மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். கொல்லிமலையோ ஏறத்தாழ 1,300 மீட்டர்தான்.

இந்நோய் குளிர்நாட்டாருக்கே உரியது, நம்மவர்க்கு வராது என்று மருத்துவர்களிடையிலேயே ஓர் எண்ணம் நெடுநாள் இருந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1996 முதல் 2005 வரையிலான பதிவுகளை ஆராய்ந்தபோது, உள்நோயாளிகளாகச் சேர்ந்த 10,000 பேருக்கு ஏறத்தாழ 17 பேர் என்ற கணக்கில் இந்நோய் உறுதியாகியிருந்தது. அரிதுதான், ஆனால் 'வராது' என்று ஒதுக்கும் அளவுக்கு அரிதன்று.

உங்கள் வயதில் இது மிகமிகக் குறைவு. வயது ஏற ஏற வாய்ப்பும் ஏறுகிறது. பெரிய அறுவை, எலும்பு முறிவு, மாவுக்கட்டு, நெடுநாள் படுக்கை, புற்றுநோய், சிலவகை ஹார்மோன் மாத்திரைகள், முன்பு ஒருமுறை இதே நோய் வந்திருப்பது ஆகியவை அதைக் கூட்டும். கருவுற்றிருக்கும் காலமும், அதைவிடப் பிள்ளை பெற்ற முதல் ஆறு வாரங்களும் கவனத்துக்குரியவை. பிரசவமானவளை எழுந்து நடக்கவிடாமல், தண்ணீரையும் அளந்து கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் உண்டு. அன்பினால் செய்வதுதான், ஆனால் விர்சோ சொன்ன காரணங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அது தவறான அன்பு என்று உங்களுக்கே விளங்கும்.

கால் காட்டும் அடையாளங்கள்

முதலில் பார்க்க வேண்டியது: ஒரு காலா, இரு காலா? ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஏறியவர்களைக் கேட்டுப் பாருங்கள். மறுநாள் இரண்டு கெண்டைக்கால்களும் கல்லாகிவிட்டதாகப் புலம்புவார்கள். அது தசையின் களைப்பு; இரண்டு மூன்று நாட்களில் குறைந்துவிடும். நள்ளிரவில் கெண்டைச் சதை முறுக்கிக்கொண்டு உயிர் போகிறாற்போல் வலிப்பதும் உண்டு. சில நிமிடங்களில் விட்டுவிடும். இதயம், சிறுநீரகம் போன்ற உறுப்புகள் கெட்டால் கால் வீங்கும். அப்போது பெரும்பாலும் இரண்டு பாதங்களும் சேர்ந்தே வீங்கும். அவையும் மருத்துவரிடம் காட்ட வேண்டியவையே, ஆனால் கதை வேறு.

ஆழ்சிரை உறைவில் வீக்கம் பெரும்பாலும் ஒரு காலில்தான். வடியும் வழி அடைபட்டதால் நீர் தேங்கி, கணுக்காலோ கெண்டையோ, சில சமயம் தொடைவரையிலுமோ பருத்துவிடுகிறது. தோல் இழுத்துக் கட்டினாற்போல் மினுமினுக்கும். எலும்பின்மேல் விரலால் அழுத்தி எடுத்தால் குழி விழுந்து மெல்ல நிரம்பும். கெண்டைக்குள் ஆழத்தில், பிடித்துக் கொண்டாற்போன்ற வலி இருக்கும். நின்றாலும் நடந்தாலும் கூடும். புறங்கையை இரண்டு கால்களிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தால் வீங்கிய கால் சற்றே சூடாக இருக்கும். நிறமும் மாறலாம்: சிவந்தோ, நீலம் பாய்ந்தோ தோன்றும். நம்மில் பலருக்குத் தோல் கறுப்பாதலால் சிவப்பு எளிதில் தெரியாது. நூல்களில் உள்ள படங்கள் வெள்ளைத் தோலில் எடுக்கப்பட்டவை என்பதை மறவாமல், நிறத்தைவிட வீக்கத்தையும் சூட்டையும் நம்புங்கள்.

வலியும் வீக்கமும் நேரம் ஆக ஆகக் குறையாமல் நீடிப்பதும் ஏறுவதும் முக்கியக் குறிப்பு. இதற்கு மாறாகக் கால் திடீரென்று வெளுத்து, சில்லிட்டு, தாங்க முடியாமல் வலித்தால் அது தமனி அடைப்பாக இருக்கலாம். அது இன்னும் அவசரம்.

கண்ணால் பார்த்தால் ஏமாந்துவிடுவோம், அளந்து பாருங்கள். தையற்காரர் வைத்திருக்கும் நாடா போதும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, முன்புறத்தில் எலும்பு ஒரு சிறு மேடாகக் கைக்குத் தட்டுப்படும். அங்கிருந்து 10 சென்டிமீட்டர் கீழே இரண்டு கால்களிலும் மையால் ஒரு புள்ளி வைத்து, அந்த இடத்தின் சுற்றளவை எடுங்கள். நாடாவை இறுக்க வேண்டாம். மருத்துவர்களும் இவ்வாறே அளக்கிறார்கள். நோய்க்கு வாய்ப்பு எவ்வளவு என்று அவர்கள் மதிப்பெண் போடும் முறையில், இரண்டு கால்களுக்கும் வேறுபாடு 3 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் ஒரு மதிப்பெண் கூடும். ஆனால் வேறுபாடு 2 சென்டிமீட்டர்தான், ஆகவே நோயில்லை என்று நீங்களாகத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

பாதத்தை முகத்தை நோக்கி வளைத்தால் கெண்டை வலிக்கும், அதுவே அடையாளம் என்று பழைய நூல்கள் சொல்லும். ஹோமன்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரின் பெயரால் வழங்கிய சோதனை அது. வெறும் தசை வலியிலும் அப்படி வலிக்கும்; நோய் உள்ள பலருக்கு வலிப்பதும் இல்லை. இன்று அதை யாரும் நம்பியிருப்பதில்லை.

வேறு சிலவற்றோடும் குழப்பம் நேரும். தோலுக்கு மேலே நெளிந்து புடைத்துத் தெரியும் சிரைகள் வேறு. நெடுநேரம் நின்று வேலை செய்பவர்களிடம் அவற்றைப் பார்த்திருப்பீர்கள். முள் குத்தியோ சேற்றுப்புண் வழியாகவோ கிருமி புகுந்தாலும் ஒரு கால் சிவந்து சூடாக வீங்கும். அதில் காய்ச்சலும் குளிரும் சேர்ந்து வரும். யானைக்கால் நோயில் வீக்கம் மாதக் கணக்கில் வளர்ந்து தோல் தடித்துப் போகும். இவற்றையெல்லாம் பிரித்தறிவது அனுபவம் உள்ள மருத்துவருக்கே சில வேளை கடினம். ஆகவே உங்கள் வேலை நோய்க்குப் பெயர் சூட்டுவது அன்று, ஐயப்படுவது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். சிலருக்குக் கால் எதையும் காட்டுவதே இல்லை. முதல் அடையாளமே நெஞ்சில்தான் வரும்.

நெஞ்சுக்கு ஏறினால்

காலில் உருவான கட்டியிலிருந்து ஒரு துண்டு பிய்ந்தால் எங்கே போகும்? சிரைகள் மேலே செல்லச் செல்ல அகலமாகிக்கொண்டே போகின்றன. சிற்றோடை ஆற்றில் சேர்வது போல. ஆகவே வழியில் எங்கும் சிக்காது. இதயத்தின் வலப்பக்கத்துக்கு வந்து, அங்கிருந்து நுரையீரல் தமனிக்குள் தள்ளப்படும். அங்கேதான் குழாய்கள் மறுபடி கிளைத்துக் கிளைத்துக் குறுகுகின்றன. துண்டு அங்கே சென்று அடைத்துக்கொள்கிறது. சிறிய துண்டானால் நுரையீரலில் ஒரு மூலை பாதிக்கப்படும். பெரியதானால் இதயத்தின் வழியே மறிக்கப்பட்டு, நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடலாம்.

திடீரென்று மூச்சு வாங்குதல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்துதல், இதயம் படபடவென்று அடித்தல், இருமலில் இரத்தம், தலை கிறுகிறுத்து மயங்குதல் ஆகியவை இதன் அறிகுறிகள். எல்லாம் சேர்ந்து வரவேண்டும் என்பதில்லை. அண்மையில் அறுவையோ பிரசவமோ ஆனவருக்கு, அல்லது கால் வீங்கியிருப்பவருக்கு, இவற்றில் ஒன்று வந்தாலும் 'வாயுப் பிடிப்பு' என்று சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. அந்த நொடியே 108-ஐ அழைக்க வேண்டும்.

எண்ணெய் தேய்த்து உருவுவதில் என்ன கேடு என்பது இப்போது புரிந்திருக்கும். புதிதாக உறைந்த கட்டி சிரையின் சுவரில் உறுதியாக ஒட்டியிருப்பதில்லை. அழுத்தி மேல்நோக்கி வழித்தால், ஹார்வியின் சோதனையில் நீங்கள் விரலால் தள்ளினீர்களே, அதே வேலையைத்தான் செய்கிறோம். அங்கே தள்ளியது இரத்தத்தை, இங்கே தள்ளுவது கட்டியை.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்?

அழுத்திப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான் முதன்மையான சோதனை. நல்ல சிரையைக் கருவியின் முனையால் அழுத்தினால் சப்பிப் போகும். கட்டி உள்ள சிரை சப்பாது. எவ்வளவு எளிய தத்துவம் பாருங்கள்! ஓட்டத்தின் வேகத்தை ஒலியின் மாற்றத்தால் அறியும் டாப்ளர் முறையும் உடன் சேரும். ரயில் நெருங்கும்போதும் விலகும்போதும் ஊதல் ஒலி மாறுவதற்கு 1842-இல் விளக்கம் தந்த அதே டாப்ளரின் தத்துவம். உறைந்த கட்டி கரையும்போது உண்டாகும் 'டி-டைமர்' என்ற பொருளை இரத்தத்தில் அளப்பதும் உண்டு. ஆனால் அறுவையானவர்க்கு அது எப்படியும் கூடியிருக்கும். சித்தப்பாவுக்கு அது அவ்வளவாக உதவாது.

நோய் உறுதியானால் இரத்தம் மேலும் உறையாமல் தடுக்கும் மருந்து கொடுப்பார்கள். கட்டி வளராமல் மருந்து தடுத்துக்கொண்டிருக்க, உடம்பே அதை மெல்லக் கரைத்துக்கொள்ளும். ஹெபாரின் என்ற ஊசி மருந்தின் வரலாறு 1916-இல் தொடங்குகிறது. அமெரிக்காவில் ஜே மக்லீன் என்ற மருத்துவ மாணவர், உறைவைத் தூண்டும் பொருளைத் தேடப்போய், நாயின் கல்லீரலில் உறைவைத் தடுக்கும் பொருளைக் கண்டார். தேடியது ஒன்று, கிடைத்தது மற்றொன்று!

வார்பரின் மாத்திரையின் கதை மாட்டுத் தொழுவத்தில் பிறந்தது. 1920-களில் வட அமெரிக்காவில் பூசணம் பிடித்த ஒருவகைத் தீவன வைக்கோலைத் தின்ற மாடுகள், இரத்தம் உறையாமல் ஒழுகிச் செத்தன. 1933-இல் விஸ்கான்சின் மாநிலத்தில் ஓர் உழவர் கொட்டும் பனியில் செத்த கன்றையும், ஒரு பால் கேன் நிறைய உறையாத இரத்தத்தையும் ஏற்றிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கிருந்த கார்ல் பால் லிங்க் என்ற வேதியியல் அறிஞரின் குழு, பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு 1939-இல் அந்த நச்சுப் பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழிவந்த வார்பரின் 1948-இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, 1954-இல் மனிதருக்கு மருந்தாயிற்று. இப்போது அடிக்கடி இரத்தச் சோதனை தேவைப்படாத புதிய மாத்திரைகளும் உள்ளன. எதுவானாலும் குறைந்தது மூன்று மாதம் என்ற கணக்கில் மருத்துவர் கொடுப்பார். வீக்கம் வடிந்துவிட்டதென்று நாமாக நிறுத்தக் கூடாது. கூடுதலாக விழுங்கினாலோ மாடுகளுக்கு நேர்ந்ததே நமக்கும் நேரும்.

வருமுன் காப்பதற்கு இவ்வளவு வரலாறு தேவையில்லை. அறுவைக்குப் பின் மருத்துவர் அனுமதித்த உடனே எழுந்து நடப்பது, எழ முடியாதவர் கட்டிலிலேயே பாதங்களைப் பம்பு அடிப்பதுபோல் மேலும் கீழும் அசைப்பது, தேவையான தண்ணீர் குடிப்பது, நெடும் பயணத்தில் இடையிடையே இறங்கி நாலடி நடப்பது, இவையே போதும். ஆபத்து மிகுந்தவர்க்கு முன்கூட்டியே தடுப்பு ஊசியும் போடுவதுண்டு.

சித்தப்பாவின் கட்டிலுக்கு வருவோம். நாடாவைக் கொண்டுவந்து அளக்கிறீர்கள். அடிபட்ட வலக்கால்தான் பருத்திருக்க வேண்டும். ஆனால் இடக்கால் அதைவிடவும் 3 சென்டிமீட்டருக்கு மேல் கூடுதல். புறங்கைக்குச் சூடும் தெரிகிறது. ஆயாவிடம் விர்சோவைப் பற்றியெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. "ஆயா, ஒரு கால் மட்டும் வீங்கியிருக்குது. உள்ளே ரத்தம் கட்டியிருந்தா, உருவினால் நெஞ்சுக்கு ஏறிடுமாம். டாக்டரம்மா பார்த்துச் சொல்லட்டும், அப்புறம் தேய்க்கலாம்" என்றால் போதும், பெரியவர்கள் கேட்பார்கள். சித்தப்பாவை நடக்கவிட வேண்டாம். கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம்.

செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஸ்கேனுக்கு மலையிறங்க வேண்டும் என்று அங்கே சொன்னால் அன்றைக்கே இறங்க வேண்டும். நாமக்கல்லில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் உள்ளது. 70 வளைவுகளையும் இருட்டில், மூச்சு வாங்கும் நோயாளியோடு இறங்குவதைக் காட்டிலும், கால் மட்டும் வீங்கியிருக்கும்போதே பகலில் இறங்குவது எவ்வளவோ மேல். அறுவை செய்த இடத்தில் கொடுத்த சீட்டையும், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். அளந்த நேரத்தையும் இரண்டு எண்களையும் நோட்டுப் புத்தகத்தில் குறித்து எடுத்துச் செல்லுங்கள். "வீக்கம் எப்போது தொடங்கியது? அறுவை ஆகி எத்தனை நாள்? மூச்சு வாங்குகிறதா?" என்றுதான் மருத்துவர் முதலில் கேட்பார். அப்போது பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நீங்கள் நோட்டைத் திறந்து காட்டலாம்.